தைவானுக்கு மகளை அனுப்பலாமா?

மதுரையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்குத் தைவானின் சின்சூ நகரில், குறைக்கடத்தித் துறையில் முனைவர் பட்ட ஆய்வுக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் சேர வேண்டும். "டிவியைத் திறந்தாலே சீன விமானம், அமெரிக்கக் கப்பல் என்கிறார்கள். உக்ரைனில் நம் பிள்ளைகள் பட்ட பாடு கண்ணில் நிற்கிறது. அவள் அப்பா போக வேண்டாம் என்கிறார். அவள் பிடிவாதமாக இருக்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்கிறார்.

அம்மா, அனுப்புங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் விமானம் ஏறுமுன் ஒரு வேலையை நீங்கள் மூவரும் உட்கார்ந்து முடிக்க வேண்டும். எந்த நிலை வந்தால் அவள் யாரிடமும் கேட்காமல் கிளம்பிவிட வேண்டும் என்பதை இப்போதே பேசி, எழுதி வைக்க வேண்டும். தைவான் ஒரு தீவு. அங்கிருந்து வெளியேற வானமும் கடலும் மட்டும்தான் வழி. அவை அடைபட்ட பிறகு எடுக்கும் முடிவால் பயனில்லை. நான் கீழே சொல்வதெல்லாம் அந்த முடிவைச் சரியாக எடுப்பதற்காகத்தான்.

முதலில் உங்களைப் பயமுறுத்தும் எண்ணிக்கையைப் பார்ப்போம். தைவான் பாதுகாப்பு அமைச்சகம் தினமும் காலையில் ஒரு கணக்கு வெளியிடுகிறது. முந்தைய நாள் காலை ஆறு மணியிலிருந்து இன்று காலை ஆறு மணி வரை எத்தனை சீன விமானங்கள், எத்தனை கப்பல்கள் தென்பட்டன என்ற கணக்கு அது. 2020 செப்டம்பரிலிருந்து இதைப் பொதுவில் வைக்கிறார்கள். நம் ஊர் சேனலில் இதுவே "தைவானுக்குள் 40 விமானங்கள் ஊடுருவல்" என்று ஓடும். அந்தத் தலைப்பு பெரும்பாலும் தவறு.

அந்த வானத்தில் மூன்று எல்லைகள் இருக்கின்றன. வெளியே இருப்பது வான் பாதுகாப்பு அடையாள மண்டலம். வருவது யார் என்று கண்டறிவதற்காக ஒரு நாடு தானே வகுத்துக்கொள்ளும் பரப்பு அது. தைவானின் மண்டலத்தை 1950-களில் அமெரிக்க ராணுவம் வரைந்தது. வரைபடத்தில் அது சீனப் பெருநிலத்தின் ஒரு பகுதியையும் சேர்த்தே மூடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் ஒரு விமானம் பறப்பதைச் சர்வதேசச் சட்டம் தடுக்கவில்லை. இரண்டாவது, சீனாவுக்கும் தைவானுக்கும் இடையிலுள்ள நீரிணையின் நடுக்கோடு. 1950-களில் அமெரிக்க விமானப்படைத் தளபதி பெஞ்சமின் டேவிஸ் வகுத்த கோடு இது. ஒப்பந்தம் எதுவும் கிடையாது. இரு தரப்பும் பல பத்தாண்டுகள் வாய்விட்டுச் சொல்லாமலே மதித்து வந்தார்கள். 2020-இல் அப்படி ஒரு கோடே இல்லை என்று சீனா அறிவித்தது. 2022 ஆகஸ்டுக்குப் பிறகு அதைத் தாண்டுவது அன்றாடமாகிவிட்டது. மூன்றாவதுதான் உண்மையான எல்லை: கரையிலிருந்து 12 கடல் மைல், ஏறத்தாழ 22 கிலோமீட்டர். அதற்குள் இருப்பதே தைவான் தன் வான்வெளி, தன் கடல் என்று காக்கும் இடம்.

ஆகவே இனி செய்தி வந்தால் எத்தனை விமானம் என்று பார்க்காதீர்கள். எந்த எல்லை வரை வந்தது என்று பாருங்கள். முதல் இரண்டைத் தாண்டுவது அழுத்தம் கொடுக்கும் வேலை. விமானிகளைக் களைப்படையச் செய்வது, இயந்திரங்களைத் தேய வைப்பது, மக்களைப் பழக்கப்படுத்துவது என்று அதற்குப் பல நோக்கங்கள். போர்விமானமோ போர்க்கப்பலோ தெரிந்தே 12 மைலுக்குள் நுழைந்தது என்று செய்தி வந்தால், அன்று நீங்கள் மகளுக்குப் போன் செய்யலாம்.

இந்தத் தகராறு எங்கிருந்து வந்தது என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1895 முதல் 1945 வரை தைவான் ஜப்பானின் காலனி. 1949-இல் சீன உள்நாட்டுப் போரில் கம்யூனிஸ்டுகளிடம் தோற்ற சியாங் கை-ஷேக்கின் அரசு தைபேக்கு வந்து சேர்ந்தது. மறு ஆண்டு கொரியப் போர் வெடித்ததும் அமெரிக்க அதிபர் ட்ரூமன் ஏழாவது கடற்படைப் பிரிவை நீரிணைக்கு அனுப்பினார். அன்று கடலில் நின்ற அமெரிக்கக் கப்பல்தான் இன்றுவரை இந்தக் கதையின் மையம். 1979-இல் அமெரிக்கா பெய்ஜிங்கை அங்கீகரித்தது. அதே ஆண்டு தைவானுக்குத் தற்காப்பு ஆயுதம் தரச் சட்டமும் இயற்றியது. ஆனால் போர் வந்தால் நேரில் வந்து சண்டையிடுவோம் என்று அந்தச் சட்டம் வாக்குத் தரவில்லை. வருவோமா மாட்டோமா என்பதைச் சொல்லாமல் வைத்திருப்பதே வாஷிங்டனின் கொள்கை. பெய்ஜிங்கோ 2005-இல் இயற்றிய பிரிவினைத் தடுப்புச் சட்டத்தில், தேவைப்பட்டால் அமைதியல்லாத வழியையும் கையாளலாம் என்று எழுதி வைத்திருக்கிறது. இவற்றுக்கு நடுவில் 2 கோடியே 30 லட்சம் மக்கள் தங்கள் அதிபரைத் தாங்களே தேர்ந்தெடுத்து, வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்தச் செய்திகளில் மிகக் குறைவாகப் பேசுகிறார்கள் என்பது என் ஆதங்கம்.

பதற்றம் இதுவரை எப்படி ஏறி இறங்கியது என்று பாருங்கள். 1958 ஆகஸ்ட் 23 அன்று சீனா, தன் கரையிலிருந்து சில கிலோமீட்டரே தள்ளி, தைவான் வசமிருக்கும் கின்மென் தீவின்மீது பீரங்கிக் குண்டு வீசத் தொடங்கியது. ஆறு வாரங்களில் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகள் விழுந்தன. அதன்பின் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று 1979 புத்தாண்டு வரை அது தொடர்ந்தது. இன்று அதே கின்மெனிலிருந்து சீனாவின் சியாமென் நகருக்கு அரை மணி நேரப் படகுப் பயணம். விழுந்த குண்டுகளின் எஃகில் செய்த கத்திகளைச் சுற்றுலாப் பயணிகள் வாங்கிப் போகிறார்கள். 1996-இல் தைவானின் முதல் நேரடி அதிபர் தேர்தலின்போது சீனா ஏவுகணைகளைக் கடலில் வீசியது; அமெரிக்கா இரண்டு விமானந்தாங்கிக் கப்பல் அணிகளை அனுப்பியது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் சீனா தன் கடற்படையை வளர்க்க முழுமூச்சாக இறங்கியது என்று இந்தத் துறையில் பலர் கருதுகிறார்கள். நானும் அப்படியே நினைக்கிறேன். அன்று அதனிடம் ஒரு விமானந்தாங்கிக் கப்பல்கூட இல்லை. 2025 நவம்பரில் மூன்றாவது கப்பலான ஃபூசியானைப் படையில் சேர்த்துவிட்டது.

2022 ஆகஸ்டில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தலைவர் நான்சி பெலோசி தைபே வந்து போனதும், தீவைச் சுற்றி ஆறு பகுதிகளில் சீனா பயிற்சி நடத்தியது. ஏவுகணைகளில் ஐந்து தன் பொருளாதார மண்டலக் கடலில் விழுந்ததாக ஜப்பான் கண்டித்தது. 2023 ஏப்ரலில் அன்றைய அதிபர் சாய் இங்-வென் அமெரிக்கா சென்று வந்ததும் ஒரு பயிற்சி. 2024 மே மாதம் லாய் சிங்-தே அதிபராகப் பதவியேற்ற மூன்றாம் நாள் ஒன்று. அதே ஆண்டு அக்டோபர் 10, தேசிய நாள் உரை முடிந்த நான்காம் நாள் இன்னொன்று. அன்று ஒரே நாளில் 125 விமானங்களை எண்ணினார்கள். 2025 ஏப்ரலில் மறுபடியும்.

இந்த வரிசையில் ஒரு ஒழுங்கு தெரிகிறதல்லவா? அதிபர் பதவியேற்பு, தேசிய நாள், அமெரிக்கப் பயணம், பெரிய ஆயுத விற்பனை என்று ஏதாவதொரு அரசியல் நிகழ்ச்சியை ஒட்டியே பெரும் பயிற்சிகள் வருகின்றன. நாட்காட்டியில் அக்டோபர் 10-ஐக் குறித்து வையுங்கள். அதை ஒட்டிய வாரத்தில் செய்தி சூடாக இருக்கும் என்று எதிர்பார்த்து இருந்தால் பாதி பயம் குறையும். அந்த நாட்களில் அவள் பயணச்சீட்டு போடாமல் இருப்பதும் நல்லது. 2022 பயிற்சியின்போது சில நிறுவனங்கள் விமானங்களை ரத்து செய்தன, பல சுற்றுவழியில் பறந்தன.

அப்படியானால் எப்போது உண்மையாகவே பயப்பட வேண்டும்? படையெடுப்பு என்பது சொல்லாமல் கொள்ளாமல் நடத்தக்கூடிய காரியமல்ல. நீரிணை மிகக் குறுகிய இடத்திலேயே ஏறத்தாழ 130 கிலோமீட்டர். லட்சக்கணக்கான வீரர்களை அதன் குறுக்கே கொண்டுபோய் இறக்க வேண்டும். தைவானின் மேற்குக் கரையில் பெரும்பகுதி சேறும் ஆழமற்ற நீரும். கப்பல் கரை சேர ஏற்ற இடங்கள் கொஞ்சம். கோடையில் புயல், குளிர்காலத்தில் வடகிழக்குப் பருவக்காற்று. இத்தனையையும் மீறிச் செய்ய வேண்டுமானால் ஃபூசியான் மாகாணத் துறைமுகங்களில் கப்பல்கள் வாரக்கணக்கில் குவிய வேண்டும். வணிகப் படகுகளை அரசு கையகப்படுத்த வேண்டும். மருத்துவமனைக் கூடாரங்களும் ரத்தமும் கரைக்கு வந்து சேர வேண்டும். உக்ரைனில் தாக்குதலுக்குச் சில வாரங்கள் முன்பே, ரஷ்யா எல்லைக்கு ரத்தத்தைக் கொண்டுவந்துவிட்டது என்று செய்தி வெளியானது. பயிற்சிக்கு வந்தவர்களுக்கு அவ்வளவு ரத்தம் எதற்கு? இத்தகைய செய்திதான் பொருளுள்ள செய்தி.

எனக்கு அதைவிடக் கவலை தருவது வேறொன்று. போர் என்று அறிவிக்காமல், கடலோரக் காவல்படையை வைத்து "சோதனை" என்ற பெயரில் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களை நிறுத்தத் தொடங்கினால் என்ன ஆகும்? 2024 பிப்ரவரியில் கின்மென் அருகே தைவான் ரோந்துப் படகு துரத்தியபோது இரண்டு சீன மீனவர்கள் இறந்தார்கள். அதன்பின் சீனக் காவல்படை அந்தக் கடலில் தொடர்ந்து ரோந்து வருகிறது. தைவான் தன் எரிபொருளில் ஏறக்குறைய முழுவதையும் கப்பலில் இறக்குமதி செய்கிறது. மின்சாரத்தில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் எரிவாயுவிலிருந்து வருகிறது. அந்த எரிவாயுவின் கையிருப்பு சுமார் பதினோரு நாளுக்குத்தான். கடைசி அணு உலையையும் 2025 மே மாதம் மூடிவிட்டார்கள். குண்டே விழாமல் ஒரு தீவை இருட்டாக்க முடியும் என்பதுதான் இதன் பொருள். உங்கள் மகள் கவனிக்க வேண்டியது இந்தப் பக்கத்தைத்தான்: கப்பல் நிறுவனங்கள் காவ்சியுங், தாய்சுங் துறைமுகங்களைத் தவிர்க்கின்றனவா, கப்பல் காப்பீட்டுக் கட்டணம் திடீரென்று ஏறுகிறதா, ஆலைகளுக்கு மின்வெட்டு அறிவிக்கிறார்களா?

கடலில் விபத்து நேரக்கூடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூனில் நீரிணை வழியாகப் போன அமெரிக்கப் போர்க்கப்பலின் முன்னால் சீனக் கப்பல் ஒன்று சுமார் 140 மீட்டர் நெருக்கத்தில் குறுக்கே வெட்டிச் சென்றது. ஆனால் மோதல் ஒவ்வொன்றும் போராகிவிடாது. 2001-இல் ஹைனான் அருகே இரு நாட்டு ராணுவ விமானங்கள் மோதி, சீன விமானி இறந்தார். அமெரிக்க விமானத்திலிருந்த 24 பேரைச் சீனா பதினோரு நாள் பிடித்து வைத்தது. பேசித்தான் தீர்த்தார்கள். அப்படி ஒன்று நடந்தால் முதல் இரண்டு நாள் இரு தலைநகரங்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அதற்குள் ஓடிவரச் சொல்லாதீர்கள்.

இப்போது உக்ரைன். நம் பிள்ளைகள் அங்கே ஏன் மாட்டிக்கொண்டார்கள் என்பதை நிதானமாக யோசிக்க வேண்டும். 2022 பிப்ரவரி 15 அன்று கீவிலிருந்த இந்தியத் தூதரகம், அவசியமில்லாதவர்கள் தற்காலிகமாக வெளியேறலாம் என்று அறிவுறுத்தியது. 20-ஆம் தேதி மறுபடி சொன்னது. போர் தொடங்கியது 24-இல். இடையில் இருந்த நாட்களில் பலர் கிளம்பாததற்குக் காரணம் அலட்சியம் இல்லை. வகுப்பு நேரடியாக நடந்துகொண்டிருந்தது, வருகைப் பதிவு போய்விடும் என்ற பயம், டிக்கெட் விலை, வீட்டில் கடன். அப்படியும் இந்திய அரசின் மீட்புப் பணியான ஆபரேஷன் கங்கா வழியாக சுமார் 22,500 பேர் திரும்பினார்கள் என்றால், போலந்து, ருமேனியா, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா என்று நடந்தாவது போய்ச் சேர எல்லைகள் இருந்ததுதான் காரணம். தைவானுக்கு அந்த வசதி கிடையாது. 2015-இல் யேமனிலிருந்து நம் கடற்படைக் கப்பல் ஆட்களை ஏற்றி வந்ததை நினைத்துத் தெம்படையவும் வேண்டாம். ஏடன் துறைமுகத்துக்கு எதிரே ஜிபூட்டி திறந்திருந்தது. இரண்டு வல்லரசுகளின் போர்க்கப்பல்கள் எதிரெதிரே நிற்கும் கடலில் மூன்றாம் நாட்டுக் கப்பல் புகுந்து வருவது அத்தனை எளிதாக இராது.

ஆகவே வீட்டில் எழுதி வைக்க வேண்டிய நிலைகள் எவை? என் கருத்தில் நான்கு. தைபேயில் நம் தூதரகம்போல இயங்கும் இந்தியா தைபே சங்கம், அவசியமில்லாதவர்கள் வெளியேறலாம் என்று ஒரே ஒரு முறை சொன்னாலும் போதும். அமெரிக்காவோ ஜப்பானோ தங்கள் ஊழியர்களின் குடும்பங்களை அழைத்துக்கொண்டால். வணிகக் கப்பல்களை சீனா நிறுத்திச் சோதிக்கத் தொடங்கி, அது ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால். ஃபூசியான் கரையில் படை குவிவதாகப் பல நாட்டு அரசுகளும் வெளிப்படையாகச் சொன்னால். இவற்றில் ஒன்று நடந்தாலும் அவள் அடுத்து கிடைக்கும் விமானத்தில் சிங்கப்பூருக்கோ பாங்காக்குக்கோ கிளம்பிவிட வேண்டும். ஒன்றும் நடக்காமல் போனால் ஒரு டிக்கெட் காசு போகும், அவ்வளவுதான். அந்தக் காசுக்காக அவளை யாரும் கடிந்துகொள்ள மாட்டோம் என்று அவள் அப்பா வாயால் இப்போதே சொல்லிவிட வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான்.

அந்தப் பணத்தை, அதாவது கடைசி நேர விலையில் ஒரு வழிப் பயணச்சீட்டுக்கான தொகையை, அவள் கணக்கில் தனியாகப் போட்டு வையுங்கள். ஒரு மாதச் செலவுக்கான தைவான் டாலரைக் கையில் ரொக்கமாக வைத்திருக்கட்டும். மின்சாரம் போனால் கார்டு வேலை செய்யாது. கடவுச்சீட்டு எப்போதும் ஓராண்டுக்கு மேல் செல்லுபடியாக இருக்க வேண்டும். அண்டை நாடு ஒன்றிரண்டில் இந்தியர்கள் விசா இல்லாமல் இறங்க முடியுமா என்று ஆண்டுக்கொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்; அந்த விதிகள் அடிக்கடி மாறும். ஹாங்காங் வழி மலிவாக இருக்கலாம். ஆனால் பதற்றமான நாளில் அந்த வழியை நம்பக் கூடாது.

இந்தியாவுக்குத் தைபேயில் தூதரகம் இல்லை, ஏனென்றால் நாம் பெய்ஜிங்கைத்தான் அங்கீகரிக்கிறோம். அந்த வேலையை 1995 முதல் செய்வது நான் மேலே சொன்ன இந்தியா தைபே சங்கம். போய்ச் சேர்ந்த முதல் வாரமே அங்கே பெயர் பதிவு செய்யட்டும்; வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்திலும் மாணவியாகப் பதிவு செய்யட்டும். தைவான் தரப்பின் பொருளாதார, கலாசார மையம் 2012 முதல் சென்னையில் இருக்கிறது. விசா சந்தேகங்களை அங்கேயே கேட்கலாம். மருத்துவக் காப்பீடு கவனம்: அந்நாட்டின் தேசியக் காப்பீட்டில் வெளிநாட்டு மாணவர் சேர ஆறு மாதம் ஆகும். இடைக்காலத்துக்குத் தனியாக எடுக்க வேண்டும். எடுக்கும் பாலிசியில் போருக்கு விலக்கு இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

சின்சூவில் ஒரு விஷயம் அவளைத் திடுக்கிட வைக்கக்கூடும். அங்கே விமானப்படைத் தளம் இருக்கிறது. மிராஜ் 2000 போர்விமானங்கள் ஊருக்கு மேலே சத்தத்தோடு பறக்கும். அது அன்றாடம். ஆண்டுதோறும் வான்தாக்குதல் ஒத்திகை நடக்கும். அபாயச் சங்கு ஊதியதும் சாலையில் எல்லாரும் ஒதுங்கிவிட வேண்டும், வெளியே நின்றால் அபராதம் உண்டு. ஒத்திகை நாளை முன்கூட்டியே அறிவிப்பார்கள். 2024 ஜனவரி 9 அன்று ஒரு சீனச் செயற்கைக்கோள் ஏவப்பட்டபோது, எல்லாருடைய கைபேசியிலும் எச்சரிக்கை ஒலித்தது. ஆங்கிலப் பகுதியில் மட்டும் ஏவுகணை என்று தவறாகப் போய்விட்டது, பாதுகாப்பு அமைச்சகம் மன்னிப்புக் கேட்டது. எனவே கைபேசி அலறினால் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போகட்டும், பிறகு சீன மொழி படிக்கத் தெரிந்த தோழியிடம் காட்டட்டும். விடுதிக்கு அருகில் தஞ்சக்கூடம் எது என்பதைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை நடந்து பார்த்து வைக்க வேண்டும். அரசு வெளியிட்டிருக்கும் நெருக்கடிக்காலக் கையேட்டுக்கு ஆங்கிலப் பதிப்பும் உண்டு.

தண்ணீர், டார்ச், பவர் பேங்க், மருந்து, மூன்று நாள் உணவு என்று ஒரு பையைக் கட்டி வைக்கச் சொல்லுங்கள். அது போருக்காக என்பதைவிட நிலநடுக்கத்துக்காகக் கட்டாயம் பயன்படும். 1999 செப்டம்பர் 21 நிலநடுக்கத்தில் 2,400 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 ஏப்ரல் 3 காலையில் ஹுவாலியனில் ரிக்டர் அளவில் ஏழைத் தாண்டி அதிர்ந்தது. அந்தத் தீவில் அவள் கழிக்கப்போகும் நான்கைந்து ஆண்டுகளில் ஒரு நல்ல அதிர்வையாவது உணர்வாள். 2023 பிப்ரவரியில் தைவான் வசமிருக்கும் மாட்சு தீவுகளுக்குப் போகும் இரண்டு கடலடிக் கேபிள்களும் அறுந்து, அங்குள்ள மக்கள் ஐம்பது நாள்போல இணையமில்லாமல் திண்டாடினார்கள். அதனால், பேச முடியாமல் போனால் யாரை எப்படித் தொடர்புகொள்வது என்று ஒரு தாளில் எழுதிப் பையில் வைக்கட்டும். உங்கள் எண், ஆய்வு நெறியாளரின் எண், இந்தியா தைபே சங்கத்தின் எண். போலீஸுக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 119.

அங்கே பழகும் விதம் பற்றியும் ஒரு வார்த்தை. தீவின் நிலை பற்றி ஒரே ஆய்வகத்தில் ஒரே கருத்து இருக்காது. தாத்தா 1949-இல் கப்பலேறி வந்த குடும்பமும் இருக்கும், பல தலைமுறையாக அங்கேயே வேரூன்றியவர்களும் இருப்பார்கள். 2024 முதல் ஆண் பிள்ளைகளுக்குக் கட்டாய ராணுவச் சேவை நான்கு மாதத்திலிருந்து ஓராண்டாகிவிட்டது. அவளோடு படிக்கும் பையனுக்கு இது செய்தி அல்ல, அவன் வாழ்க்கை. கேட்டுக்கொள்ளட்டும், தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ராணுவத் தளங்களைப் படமெடுத்துப் போடவே கூடாது.

நீங்களும் ஒன்று செய்ய வேண்டும், அம்மா. பரபரப்புச் செய்தி வரும்போதெல்லாம் நள்ளிரவில் அவளை எழுப்பாதீர்கள்; அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். வாரத்தில் இரண்டு நாள் பேச நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் பயமாக இருந்தால், எழுதி வைத்த நான்கில் எது நடந்திருக்கிறது என்று அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் டிவியை அணைத்துவிடலாம்.

கடைசியாக, சேர்க்கையை உறுதி செய்யுமுன் அவள் தன் நெறியாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதட்டும். நெருக்கடி வந்து தற்காலிகமாக வெளியேற நேர்ந்தால் உதவித்தொகை தொடருமா, ஆய்வேட்டை இந்தியாவிலிருந்து எழுத அனுமதி உண்டா, விடுப்பு எத்தனை மாதம் தருவீர்கள், ஆய்வுத் தரவின் நகலை வெளியே வைத்துக்கொள்ளலாமா என்று மரியாதையாகக் கேட்கட்டும். உக்ரைனில் நம் பிள்ளைகளைக் கட்டிப்போட்டது வருகைப் பதிவேடு. அதே முடிச்சு இங்கே விழாமல் இருக்க எழுத்தில் பதில் வேண்டும். தைவான் பேராசிரியர்களுக்கு இது புதிய கேள்வியும் அல்ல, தப்பாக நினைக்க மாட்டார்கள். பதில் வந்ததும் அதை அச்செடுத்து, நான்கு நிலைகளை எழுதிய தாளோடு சேர்த்து வைத்துவிட்டு, விசாவுக்கு விண்ணப்பியுங்கள்.